"நடப்பார்" என்றால் எவ்வளவு தூரம்?
(பராமரிப்பாளர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் மருத்துவரோ தாதியோ அல்ல, மொழிபெயர்ப்பாளர். படிவங்களைத் தமிழில் எழுதுவது என் வேலை. அதனால் இன்று சொற்களைப் பற்றியே பேசப்போகிறேன். நடமாட்டம் குறைந்த கணவரை, மனைவியை, பெற்றோரை விடுமுறைக்கு அழைத்துச் செல்ல நினைக்கும் உங்களுக்கு இது உதவலாம்.

"ஐயா நடப்பாரா?" என்று கேட்டால், "நடப்பார், கொஞ்சம் பிடித்துக்கொண்டால் போதும்" என்போம். வீட்டில் அது உண்மைதான். விமானச் சீட்டு வாங்கும்போது அந்தப் பதில் போதாது. சக்கர நாற்காலி கேட்கும் பயணிகளை விமான நிறுவனங்கள் மூன்று வகையாகப் பிரிக்கின்றன. படி ஏறுவார், ஆனால் நெடுந்தூரம் நடக்க முடியாது என்பவர் முதல் வகை. படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் தம் இருக்கைவரை நடப்பார் என்பவர் இரண்டாம் வகை. இருக்கையில் உட்காரும்வரை உதவி தேவைப்படுபவர் மூன்றாம் வகை. "நடப்பார்" என்று மட்டும் சொன்னால் அவரை முதல் வகையில் சேர்த்துவிடுவார்கள். சில இடங்களில் விமானம் தொலைவில் நிற்கும். பேருந்தில் கொண்டுபோய்ப் படிக்கட்டுக்கு முன்னால் இறக்கிவிடுவார்கள். அங்கே நின்றுகொண்டு "படி ஏற மாட்டார்" என்றால், ஏற்றிவிடும் வாகனம் வரும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும்.

ஆகவே, எத்தனை படி ஏறுவார், கழிவறைக்குத் தனியாகப் போவாரா என்பதைப் பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவியுங்கள். விமானப் பணியாளர்கள் கழிவறை வாசல்வரை உதவுவார்கள். உள்ளே வர மாட்டார்கள், ஆளைத் தூக்கவும் மாட்டார்கள். அந்த உதவி தேவை என்றால் உடன் ஒருவர் போயே ஆக வேண்டும். இதைச் சொல்ல வெட்கப்படுகிறோம். அவர் எதிரிலேயே சொல்லாமல், தொலைபேசியில் தனியாகச் சொல்லலாமே.

மின்சார நாற்காலி என்றால் மின்கலத்தின் வகையையும் திறனையும் கேட்பார்கள். வாங்கிய கடையில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும். முக்கியமாக இன்சுலின், சரக்குப் பகுதியில் அது உறைந்து கெட்டுவிடக்கூடும்.

தங்கும் விடுதியிலும் இதே கதைதான். "சக்கர நாற்காலி வசதி உண்டு" என்பார்கள். வாசலில் சரிவுப்பாதை இருக்கும், குளியலறை வாசலில் ஒரு படியும் இருக்கும். உங்கள் நாற்காலியின் அகலத்தை அளந்து, "குளியலறைக் கதவு எத்தனை சென்டிமீட்டர்? உள்ளே கைப்பிடி எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். பக்கவாதத்தால் இடக்கை செயலிழந்தவருக்கு இடப்பக்கக் கைப்பிடியால் பயனில்லை. படம் அனுப்பச் சொல்லுங்கள்.

பத்துமலைக்குப் போக ஆசைப்படுவோர் நம்மில் பலர். மேலே குகைக் கோயிலுக்கு 272 படிகள். பிள்ளைகள் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்று நினைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒருவர் கால் தடுக்கினாலும் எல்லாரும் விழுவீர்கள். 42.7 மீட்டர் உயர முருகன் சிலை அடிவாரத்தில்தான் நிற்கிறது. அங்கே நின்று கும்பிடுவது அவருக்குப் போதுமா என்று அவரையே கேளுங்கள். பலமுறை நாம் கேட்பதே இல்லை.

வெளிநாட்டுக்கு முன் ஒருநாள் இங்கேயே பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் வெளியே போய்ப் பாருங்கள். நம் பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் நாற்காலி ஏறும். எத்தனை மணி நேரத்தில் களைக்கிறார், எத்தனை முறை கழிவறை தேடுகிறார் என்பது தெரிந்துவிடும்.

இனி, பராமரிப்பாளரிடம் ஒரு சொல். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் இரண்டு முறை எழுந்து, அதையே வேறு ஊரில் செய்வது உங்களுக்கு விடுமுறையா? சிலருக்கு ஆம், பலருக்கு இல்லை. அப்படியானால் இன்னொருவரையும் அழைத்துப் போங்கள். அல்லது நீங்கள் மட்டும் போய்வரும் நாட்களில் அவர் தாதிமை இல்லத்தில் தற்காலிகமாகத் தங்க வழி உண்டு. விவரத்துக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழையுங்கள். இடம் கிடைக்க நாளாகலாம். சீட்டு வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.