நூலுக்கு நூலே விடை

(புதுச்சேரியில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று யான் பேசப்போகும் பொருள், கூட்டந் தொடங்குமுன் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்ட வினாவிலிருந்து பிறந்தது. அவர் நெற்றி நிறையத் திருநீறு அணிந்திருந்தார். "ஐயா, யான் சிவநெறியன்; கோயில்களில் தமிழே ஒலிக்கவேண்டும் என்பதற்காக உங்களோடு நிற்பவன். எம் இறைவனையும் எம் திருவிழாவையும் இழித்துக் காட்டுவதாகச் சொல்லப்படும் புதினத்தை எம்போன்றோர் புறக்கணிக்க வேண்டுமா, வேண்டாவா? மறையாமல் சொல்லுங்கள்" என்றார். மறையாமல் சொல்வதாக அவர்க்கு வாக்களித்துவிட்டே மேடையேறியிருக்கின்றேன்.

இவ்வினாவை நாம் மழுப்பிவிட்டுப் போக இயலாது. ஏனெனில், நம் இயக்கம் ஒரு சமயத்தாரின் இயக்கமன்று. சமயமே வேண்டாதாரின் இயக்கமுமன்று. 1916-இல் தனித்தமிழ்க் கொள்கைக்குக் கால்கோளிட்ட மறைமலையடிகளார் அழுத்தமான சிவநெறியர். அக்கொள்கைக்குச் சொல்லாய்வால் முதுகெலும்பு தந்த பாவாணர் கிறித்தவர். இம்மண் ஈன்ற பாவேந்தரோ கடவுள் மறுப்பாளர். இம்மூவரையும் ஒரே பந்தியில் அமர்த்திய தமிழ், அவரவர் நூலை மற்றவர் படிக்கலாகாது என்று ஒருநாளும் கட்டளையிட்டதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். புறக்கணிப்பு என்னும் ஒரே சொல்லுக்குள் மூன்று செயல்கள் ஒளிந்திருக்கின்றன. தான் படியாதிருத்தல் ஒன்று. பிறரைப் படிக்கவிடாமல் தடுத்தல் மற்றொன்று. எழுதியவனை அச்சுறுத்தி எழுதுகோலைப் பறித்தல் மூன்றாவது. முதலாவது ஒவ்வொருவர்க்கும் உரிய உரிமை. இரண்டாவது பிறர் உரிமையில் கைவைப்பது. மூன்றாவதோ கொடுமை. முதலாவதன் பெயரைச் சொல்லிக்கொண்டு மூன்றாவதைச் செய்வார் பெருகிவிட்டமையால்தான் இதனை வகுத்துக் கூறவேண்டியிருக்கின்றது.

திருச்செங்கோட்டில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். பெருமாள் முருகன் எழுதிய 'மாதொருபாகன்' என்னும் புதினம் 2010-இல் வெளிவந்தது. குழந்தைப்பேறு இல்லாத உழவர் குடும்பத்துக் கணவன் மனைவியர், காளியும் பொன்னாவும், ஊராரின் ஏச்சால் படும் துன்பமே அதன் உயிர்ப்பொருள். அவ்வூர்த் தேர்த்திருவிழாவில் முன்னாளில் நிலவியதாகக் கதை கூறும் வழக்கமொன்று அதில் இடம்பெறுகின்றது. நான்காண்டுகள் அந்நூல் பெரிய எதிர்ப்பு ஏதுமின்றி மக்களிடையே உலவிற்று. 2014 திசம்பரில் திடுமென எதிர்ப்பு மூண்டது. முழுநூல் அன்று, அதன் சில பக்கங்களின் படிகளே ஊரெங்கும் பரப்பப்பட்டன. நூல் எரிக்கப்பட்டது, கடைகள் அடைக்கப்பட்டன. 2015 சனவரி 12-ஆம் நாள் நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சில் எழுத்தாளர் மன்னிப்புக்கேட்டுக் கையெழுத்திட நேர்ந்தது. அதனையடுத்து, எழுத்தாளன் பெருமாள் முருகன் இறந்துவிட்டான் என்று தம் முகநூலில் அவரே அறிவித்தார்.

உயிரோடிருக்கும் ஒருவன் தன் சாவைத் தானே அறிவிக்கும் நிலை தமிழ்நாட்டில் நேர்ந்ததே, அதுவன்றோ நம் தலைகுனிவு! 2016 சூலை 5-ஆம் நாள் சென்னை உயர் அறமன்றம் தீர்ப்புரைத்தது. அந்த ஒப்பந்தம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றும், பிடிக்காதவர் நூலை மூடி வைத்துவிடலாம், எவரும் படிக்கும்படி வற்புறுத்தப்படவில்லை என்றும் கருத்துரைத்து, அவர் மீண்டும் எழுத வழிவிட்டது. அவரும் எழுத வந்தார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். புதினத்திற்கு அப்பழமொழி பொருந்தாது. ஒரு பக்கத்தில் ஒரு கதைமாந்தன் பழிச்சொல் பேசுவான். அடுத்த பக்கத்தில் அவன் அப்பழியால் அழிவான். கதைமாந்தனின் வாய்ச்சொல்லை ஆசிரியனின் தீர்ப்பாகக் கொள்வது, கூத்தில் அரக்கனாக ஆடியவனைக் கூத்து முடிந்தபின் தெருவில் மறித்து அடிப்பதற்கு ஒப்பாகும். எழுத்தாளர் சல்மான் உருசுதியை 2022-இல் அமெரிக்க மேடையொன்றில் கத்தியால் குத்தி அவருடைய ஒரு கண்ணைக் குருடாக்கியவன், அவர் நூலில் ஓரிரு பக்கங்களே படித்ததாகச் செய்தியாளரிடம் கூறினான். படித்துவிட்டுச் சினப்பவனோடு பேச வழியுண்டு. படியாமல் சினப்பவனோடு எதைக்கொண்டு பேசுவது?

"எங்கள் ஊர்ப் பெயரையே சொல்லி எழுதினாரே, எங்கள் தாய்மார் மனம் புண்படாதா?" என்று திருச்செங்கோட்டார் கேட்டால், அக்கேள்வியை யான் எள்ளமாட்டேன். அந்தப் புண் உண்மையானதே. ஆனால், அதற்கு மருந்து எது? அப்படியொரு வழக்கம் இருந்ததில்லை என்றால் அதற்குரிய சான்றுகளைத் திரட்டி ஒரு மறுப்பு நூல் எழுதுக. அவ்விழாவின் பெருமையைக் கூறும் மற்றொரு புதினம் படைத்திடுக. ஊர் மேடையில் எழுத்தாளரை அழைத்து வினாவுக. இவையெல்லாம் மானமுள்ள மறுமொழிகள். கடையடைப்பு மறுமொழியாகாது, அது மறுமொழி இல்லாமையின் அடையாளம்.

நூலுக்கு நூலால் விடையிறுப்பது யான் புதிதாகக் கண்ட வழியன்று. தமிழர் கண்ட பழைய வழி. மணிமேகலை தன் நெறியைத் தேருமுன் வஞ்சி மாநகரிலே சமயக்கணக்கர் ஒவ்வொருவரையும் நாடிச்சென்று அவர் திறங்கேட்டாள், கேட்டபின்னரே தள்ளினாள். சோழவேந்தன் சமண நூலாகிய சீவக சிந்தாமணியில் தோய்ந்திருந்தமை கண்டு சேக்கிழார் உளம் நொந்தார் என்பது சைவர் வழங்கும் செய்தி. நொந்த சேக்கிழார் சுவடிகளை எரிக்கச் சொன்னாரா? திருத்தக்கதேவரின் மாணவர்களைத் துரத்தச் சொன்னாரா? இல்லை. பெரியபுராணம் பாடினார். இன்று நமக்குச் சிந்தாமணியும் உண்டு, பெரியபுராணமும் உண்டு. அவருடைய மனநோவு தமிழுக்கு ஊதியமாயிற்று!

குண்டலகேசி என்னும் புத்த நூலை மறுக்கவே சமணர் நீலகேசி செய்தனர். இன்று குண்டலகேசி முழுமையாக இல்லை; ஒருசில பாக்களே எஞ்சின. அதன் கதையை நாம் எங்கிருந்து அறிகின்றோம்? பகைநூலாகிய நீலகேசிக்கு எழுந்த உரையும் அதற்கு உதவுகின்றது. மறுப்பதற்காகப் படித்தவர் பழைய நூலின் நினைவையேனும் காத்தார். படியாமல் ஒதுக்கியவர் காத்தது ஒன்றுமில்லை.

இங்கே அன்பர்கள் ஒன்றை ஆழ எண்ணவேண்டும். ஓலைச்சுவடிக் காலத்தில் புறக்கணிப்பு என்பது வெறும் வெறுப்பன்று, அது கொலை. ஓலை காலப்போக்கில் செல்லரித்து நொறுங்கும். மீண்டும் புதிய ஓலையில் படியெடுத்தால்தான் நூல் வாழும். படிப்பார் இல்லையெனில் படியெடுப்பாரும் இல்லை. படியெடுப்பார் இல்லையெனில் நூலும் இல்லை. திருவாவடுதுறை மடத்தைச் சார்ந்த சாமிநாத தேசிகர் தம் இலக்கணக் கொத்தில், சிந்தாமணியையும் பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் படிப்போர் வாழ்நாளை வீணாக்குவோர் என்று இகழ்ந்தார். அவர் நெருப்பு மூட்டவில்லை, எவரையும் அடிக்கவில்லை. படியாதீர் என்றார், அவ்வளவே. ஆனால், அவ்வுளப்பாங்கு நாடெங்கும் பரவியிருந்தமையால், சங்கத்தொகையின் பெயரையும் அறியாத புலவர் தலைமுறைகள் தோன்றின. வளையாபதி போயிற்று, குண்டலகேசி போயிற்று. நூல்கள் அழிந்தமைக்குக் கரணியம் பல உண்டு. படிப்பாரற்றுப் போனமையும் அவற்றுள் ஒன்று என்பதை யார் மறுப்பார்?

அதே திருவாவடுதுறை மடத்தில் தமிழ் பயின்றவர்தாம் உ. வே. சாமிநாதர். அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று ஐயம் கேட்டுத் தெளிந்து, 1887-இல் சிந்தாமணியை அச்சேற்றினார். பின்னர்ப் பத்துப்பாட்டும் புறநானூறும் சிலம்பும் மேகலையும் வந்தன. சிந்தாமணி படித்ததால் அவர் நெற்றியில் திருநீறு அழிந்துவிட்டதா? சைவம் தேய்ந்துவிட்டதா? தமிழ் தலைநிமிர்ந்தது, அதுதான் நிகழ்ந்தது. ஒரே மடத்தில் ஒருவர் படியாதே என்றார், மற்றொருவர் படித்தார். நாம் இன்று யாருக்குக் கடன்பட்டிருக்கின்றோம் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இனி, நம் புதுவைக்கு வருவோம். இந்நகரின் பெருமாள் கோயில் தெருவில் பாவேந்தர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாக நிற்கின்றது. இளமையில் மயிலம் முருகனைப் பாடிய அவரே பின்னர் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' என்னும் நாடகத்தை எழுதினார். மாலடியார் கொடியவன் என்னும் இரணியனை அவர் தமிழ் மறவனாக்கிக் காட்டினார். 1934-இல் பெரியார் தலைமையில் சென்னையில் அது நடிக்கப்பட்டது. பின்னாளில் அரசின் தடைக்கும் ஆளாயிற்று. இன்றும் அத்தெருவின் பெயர் பெருமாள் கோயில் தெருவே. பெருமாளுக்கு வழிபாடு நின்றுவிடவில்லை. பாவேந்தரின் நாடகமும் மறைந்துவிடவில்லை. ஒரு நாடகத்தால் பெருமாளும் போகவில்லை. ஒரு தடையால் நாடகமும் போகவில்லை. இதற்குமேல் சான்று வேண்டுமா?

இந்நகரோடு தொடர்புடைய மற்றொரு செய்தி. பிரெஞ்சுப் பெரும்புலவர் விக்தோர் உய்கோ எழுதிய ஏழைமக்கள் புதினத்தை உரோமைத் திருச்சவை 1864-இல் தன் விலக்கு நூற்பட்டியலில் சேர்த்தது. அப்புதினத்திலோ, தன் வெள்ளிப் பொருள்களைத் திருடியவனுக்கு வெள்ளி விளக்குத்தண்டுகளையும் கொடுத்து அவனை மாந்தனாக்கும் அருளாளர் ஓர் ஆயர்! ஆயரை அவ்வளவு உயர்த்திப் பாடிய நூலையும் தள்ளிவைத்தார்கள். புதுவையில் நெடுங்காலம் துறவியாய் வாழ்ந்த சுத்தானந்த பாரதியார் அதனை 'ஏழைபடும் பாடு' எனத் தமிழாக்கினார். 1950-இல் அது திரைப்படமாகி ஊரூராய் ஓடியது. அப்போதும் அந்நூல் உரோமைப் பட்டியலில்தான் இருந்தது. 1966-இல் அப்பட்டியலையே திருச்சவை கைவிட்டது. தொள்ளாயிரம் ஆண்டுத் தேவாலயங்களைக் கட்டிக்காத்த சமயம், ஒரு புதினத்திற்கு அஞ்சவேண்டியதில்லை என்று உணர அத்தனை காலம் பிடித்தது!

சமயப் பற்றாளர்க்கு இத்துணை கூறிய யான், நம்மவர்க்கும் ஒன்று கூறாது போனால் நடுவுநிலை தவறியவனாவேன். 1943-இல் கம்பவிராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரியிலிட வேண்டும் என்னும் குரல் நம் பக்கத்திலிருந்து எழுந்தது. அப்போது அண்ணா, சென்னைச் சட்டக் கல்லூரியில் இரா. பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் சொற்போர் புரிந்தார். இன்று நாம் பெருமிதத்தோடு நினைவது தீயையா, அச்சொற்போரையா? சொற்போரையே. புலவர் குழந்தையோ கம்பனை எரிக்கவில்லை. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாக்களால் 'இராவண காவியம்' பாடினார். 1946-இல் வெளிவந்த அந்நூலை 1948-இல் அரசு தடைசெய்தது. 1971-இல்தான் தடை நீங்கிற்று. அத்தடையை நாம் கொடுமை என்று சாடினோம். நம் நூலைத் தடுத்தல் கொடுமையெனில், நாம் பிறர் நூலைத் தடுத்தல் மட்டும் அறமாகுமா? கம்பனைப் படியாமல் கம்பனை மறுக்கும் நம் இளைஞனும், மாதொருபாகனைப் படியாமல் எரித்தவனும் ஒரே வகுப்பு மாணவர்களே!

ஆகவே, திருநீறணிந்த தம்பிக்கு என் விடை இது. தம்பி! படிக்க விருப்பமில்லையெனில் படியாதே. அது உன் உரிமை. ஆனால், படியாமல் பேசாதே. பேசவேண்டுமெனில் முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை படி. சொன்னவன் யாரென்று பாராமல் சொல்லின் மெய்மையை ஆய்வதே வள்ளுவர் வகுத்த அறிவிலக்கணம். படித்தபின்னும் நெஞ்சம் கொதித்தால் எழுது. சேக்கிழாரைப் போல் எழுது. உன் எழுத்தையும் நாங்கள் படிப்போம். எவரேனும் உன் கையிலிருந்து அதனைப் பறிக்க வந்தால், நெற்றியில் நீறில்லாத நாங்களும் உன் பக்கத்தில் வந்து நிற்போம்.

ஒரு கதை அசைத்தால் விழுந்துவிடும் நம்பிக்கை, அக்கதை எழுதப்படுமுன்னரே வேரற்றுப்போன நம்பிக்கை. வேருள்ள நம்பிக்கைக்குக் காவற்காரர் வேண்டுவதில்லை. தமிழுக்கோ இன்னும் நூல்கள் வேண்டும்; ஏற்கும் நூல்களும் வேண்டும், மறுக்கும் நூல்களும் வேண்டும். ஓலையில் இழந்தவை போதும். இனித் தாளிலும் இழக்க வேண்டா.

வாழ்க தமிழ்! வளர்க அறிவு!