தாராபுரத்துக்கு வந்த ஐரோப்பியப் போர்



ஐரோப்பாவின் போர்களும் புரட்சிகளும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பனியன் ஊரான திருப்பூரில் இதைப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். இருக்கிறதுங்க.

நமக்குத் தெற்கே தாராபுரம். 1783-ல் அந்த ஊர்க் கோட்டையைக் கர்னல் ஃபுல்லர்ட்டன் என்ற ஆங்கிலத் தளபதி பிடித்தார். அதே ஆண்டில் பாலக்காடும் கோயம்புத்தூரும் அவர் கைக்குப் போயின. ஏன் வந்தார் அவர்? அமெரிக்காவில் பதின்மூன்று குடியேற்றங்கள் இங்கிலாந்து அரசனை எதிர்த்து எழுந்தன. பிரான்ஸ் அவர்களுக்குத் துணை போனது. உடனே இங்கே ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரின் மாஹே துறைமுகத்தைப் பிடித்தார்கள். பிரெஞ்சுக்காரரின் நண்பரான மைசூரின் ஹைதர் அலி படை திரட்டினார். பாஸ்டனில் மூண்ட சண்டை அமராவதிக் கரைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். பிறகு ஐரோப்பாவில் சமாதானம் என்று செய்தி வந்ததும், கடலூரில் போரிட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுப் படை துப்பாக்கியைக் கீழே வைத்தது. ஹைதருக்குப் பின் மைசூரை ஆண்ட அவர் மகன் திப்பு சுல்தான் தனித்து நின்றார். 1784 மங்களூர் உடன்படிக்கையில் தாராபுரமும் கோவையும் மறுபடி மைசூருக்கே போயின. எந்த ஆட்சி வேண்டும் என்று தாராபுரத்துக் குடியானவனை ஒருவரும் கேட்கவில்லை.

குடிகளைக் கேட்காமல் ஆளலாமா, கேட்காமல் வரி வாங்கலாமா? ஐரோப்பாவில் இரண்டு நூற்றாண்டுகள் ஓடிய ரத்தத்தில் பெரும்பகுதி இந்த வழக்கில் ஓடியது என்பது என் கருத்து. மதத்துக்காகவும் மாய்ந்தார்கள், மறுக்கவில்லை. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் ஜெர்மன் நாடுகளைச் சுடுகாடாக்கியது. ஆனால் அரசன் கையிலிருந்து அதிகாரம் நழுவிய இடங்களைத் தேடிப் பார்த்தால், அங்கே வரிக்கணக்கு கிடக்கும்.

நெதர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நெசவு நாடு. ஸ்பெயின் அரசனின் தளபதி ஆல்பா பிரபு, பொருள் எத்தனை முறை விலை போனாலும் ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு அரசுக்கு என்று வரி விதிக்க முனைந்தார். நூலாக விற்றால் பத்தில் ஒன்று. துணியாக விற்றால் பத்தில் ஒன்று. சாயம் ஏற்றி விற்றால் மறுபடி பத்தில் ஒன்று. நூல், நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல் என்று பல கை மாறும் தொழிலை இது என்ன செய்யும் என்று இந்த ஊருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைக்காரர்கள் கடையை அடைத்தார்கள். மத ஒடுக்குமுறையில் ஏற்கெனவே கனன்ற கோபத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. 1581-ல் அந்த மாகாணங்கள், குடிகளைக் காக்கத் தவறியவன் அரசன் அல்லன் என்று எழுதிவைத்து ஸ்பெயின் மன்னனை விலக்கின. போருக்குத் தப்பிய ஃபிளாண்டர்ஸ் நெசவாளர்கள் லைடன் நகரில் குடியேறினார்கள். அகதிகளின் கைகளால் அந்த ஊர் ஐரோப்பாவின் பெரிய துணி நகரங்களில் ஒன்றானது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்கும் ஊரில் இருந்துகொண்டு லைடன் கதையைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அந்த டச்சுக்காரர்களே ஸ்பெயினோடு போர் முற்றாக முடியும் முன்பே நம் கரைக்கு வந்து 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். மிளகுத் தீவுகளில் விலை பேச நம் துணி தேவைப்பட்டது.

இங்கிலாந்துக்கு வருகிறேன். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் சார்லஸ் மன்னன் கப்பல் வரி போட்டான். ஜான் ஹாம்டன் என்ற நிலக்கிழார் தர மறுத்தார். வழக்கு, உள்நாட்டுப் போர் என்று போய், 1649 ஜனவரி 30-ல் மன்னன் தலை வெட்டப்பட்டது. 1688-ல் இன்னொரு மன்னன் ஓடினான். 1689-ன் உரிமைச் சட்டம், நாடாளுமன்றம் இசையாமல் வரி இல்லை என்று உறுதி செய்தது. மகத்தான வெற்றி, மனதாரச் சொல்கிறேன்.

அந்த நாடாளுமன்றம் வென்ற அதிகாரத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தியது என்பதையும் பார்க்க வேண்டும். சோழமண்டலக் கரையின் வண்ணத் துணியும் குஜராத்தின் அச்சுத் துணியும் லண்டன் பெண்களை மயக்கியிருந்த காலம் அது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் 1719-ல் தெருவில் இறங்கி, அச்சுத் துணி உடுத்திவந்த பெண்களின் மேலிருந்தே அதைக் கிழித்தார்கள். 1721-ல் சட்டம் வந்தது. அச்சிட்ட பருத்தித் துணியை இங்கிலாந்தில் உடுத்தக் கூடாது, மீறினால் அபராதம். அந்த நெசவாளர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் அடுப்பும் எரிய வேண்டுமே. ஆனால் அவர்களுக்காகப் பேச ஒரு சபை இருந்தது. நம் நெசவாளிக்கு எந்தச் சபையும் இல்லை. 2025 ஆகஸ்டில் நம் சரக்கின் மேல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது ஆர்டர் நின்று தவித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கடல் கடந்த ஒரு முடிவு தறியை நிறுத்தும் வேதனை இந்த மண்ணுக்குப் பழையது.

இனி நம் ஆள். காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்த தீர்த்தகிரி. கொங்கு நாட்டிலிருந்து மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகப் போய்ச் சொல் என்று அனுப்பியதாக நம் பாட்டிமார் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். அது செவிவழிக் கதைதான். ஆனாலும் ஓர் ஊர் தன் வீரனை எந்தச் செயலுக்காக நினைவில் வைத்தது என்று பாருங்கள்: வரிக்காக. ஹாம்டன் கதையும் அதுதானே?

அந்தச் சின்னமலையே பின்னர் திப்புவின் பக்கம் நின்று ஆங்கிலேயரோடு போரிட்டார். அதற்குள் ஐரோப்பாவே தலைகீழாகியிருந்தது. அமெரிக்கப் போருக்கு வாங்கிய கடன் பிரான்ஸ் அரசின் கழுத்தை நெரித்தது. வரி போட வழிதேடி மன்னன் 1789-ல் மூன்று வகுப்பாரின் சபையைக் கூட்டினான். சபை புரட்சியாக மாறியது. அந்தக் காற்று திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை வீசியது. 1797-ல் அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் ஜாக்கோபின் சங்கம் அமைத்துச் சுதந்திர மரம் நட்டார்கள். எகிப்திலிருந்து நெப்போலியன் திப்புவுக்கு எழுதிய கடிதம் வழியிலேயே ஆங்கிலேயரிடம் சிக்கியது. 1799 மே 4-ல் திப்பு வீழ்ந்தார். கொங்கு நாடு கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது.

நம் மக்கள் அடங்கிவிடவில்லை. விருப்பாட்சி கோபால நாயக்கர், சிவகங்கை மருது சகோதரர்கள், கேரளத்துப் பழசி ராஜா, வடக்கே துந்தியா வாக் என்று ஒரு பெரும் கூட்டணி உருவானது. 1800 ஜூன் 3-ல் கோவைக் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்டார்கள். அது தோற்றது. பிடிபட்டவர்களுக்குத் தூக்கு. அடுத்த ஆண்டு ஜூன் 16-ல் திருச்சியில் சின்ன மருதுவின் பிரகடனம் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரையும் ஆயுதம் எடுக்கச் சொன்ன அறிக்கை அது. ஆற்காட்டு நவாபின் அறியாமையால் நாடு அந்நியன் கைக்குப் போனதைக் குடிகளிடமே முறையிட்டது. 1581 நெதர்லாந்து ஆவணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது இது. பாளையக்காரர்கள் ஜனநாயகவாதிகளா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லைதான். நெதர்லாந்தின் பிரபுக்களும் இல்லை, ஹாம்டனும் இல்லை. அங்கே மட்டும் அது உரிமைப் போர், இங்கே மட்டும் அது கலகமா?

1801 ஜூலை 31-ல் கர்நாடக உடன்படிக்கை வழியாகக் கம்பெனி தமிழகத்தின் பெரும்பகுதியைச் சட்டப்படி எடுத்துக்கொண்டது. 1805-ல் அதே ஜூலை 31, ஓடாநிலையின் தலைவர் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். இங்கிலாந்தில் நாடாளுமன்றம் இசையாமல் வரி இல்லை என்றாகி 116 ஆண்டுகள் கழிந்திருந்தன. இங்கே கம்பெனி தறிக்கும் வரி வாங்கியது.

இந்தப் பாளையக்காரர் போரைப் பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-லேயே ஆவணங்களோடு எழுதி, முதல் சுதந்திரப் போர் என்றார். அவையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: காங்கேயத்திலும் தாராபுரத்திலும் பிரெஞ்சுப் புரட்சி பாடம் வரும்போது 1783-ஐயும் 1800-ஐயும் அதே கரும்பலகையில் எழுதுங்கள். ஆடிப் பதினெட்டுக்கு மட்டும் சின்னமலையை நினைப்பது போதாது. ராஜய்யன் நூல் நம் ஊர் நூலகம் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும்; பனியன் கம்பெனி முதலாளிமார்கள் ஆளுக்கு ஒரு பள்ளிக்கு வாங்கிக் கொடுங்கள் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.