பழைய பேலர் வாங்கப் போகிறீர்களா?

(சிறு பண்ணை வைத்திருக்கும் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக விசா, வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூட அனுமதி இவற்றைப் பற்றித்தான் என்னிடம் கேட்பீர்கள். இந்த வருசம் மூன்று குடும்பங்கள் ஒரே கேள்வியோடு வந்தார்கள். "ரீச்சர், பழைய பேலர் ஒன்று விலைக்கு வருகுது, வாங்கலாமோ?" ஆடு வளர்க்க என்று பத்து, பதினைந்து ஏக்கர் எடுத்தவர்கள். கையில் இருப்பது சீட்டுப்பிடித்துச் சேர்த்த காசு. அது ஒரு துருப்பிடித்த இரும்புக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகவே இன்றைக்குக் கதைக்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். படிப்பித்த பழக்கம் போகாதுதானே. நாங்கள் ஊரில் சொல்லுகிற வைக்கோல் வேறு, இங்கே சொல்லுகிற ஹே வேறு. வைக்கோல் கதிர் அடித்த பிறகு மிஞ்சுகிற தாள். ஹே என்பது பச்சைப் புல்லை வெட்டி வெயிலில் காயவைத்தது. உலர்புல் என்று சொல்லலாம். ஆட்டுக்கு மாரிகாலச் சாப்பாடு அதுதான். பிரித்தானியாவில் யூன், யூலையில் மூன்று முதல் ஐந்து நாள் மழையில்லாமல் கிடைத்தால்தான் இந்த வேலை நடக்கும். அந்த நாட்களில் மெசின் நின்றுவிட்டால் புல்லு வயலிலேயே பழுதாகிவிடும்.

அதனால் வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். நல்ல வருசத்தில் ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 100 சிறு கட்டுகள் வரும். ஒரு கட்டு இருபது கிலோ அளவில். நான்கு, ஐந்து ஏக்கர்தான் வெட்டுகிறீர்கள் என்றால், பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் கூலி கொடுத்துக் கட்டுவிப்பது பெரும்பாலும் மலிவு. ஒரே குறை, வெயில் நாளில் அவர் தன்னுடைய வயலைத்தான் முதலில் பார்ப்பார். என்னைக் கேட்டால் வெட்டுவதையும் கிளறுவதையும் நீங்களே செய்யுங்கள், கட்டுவதை மட்டும் முதல் வருசம் வெளியாளிடம் விடுங்கள்.

வெட்டுவதற்கு இங்கே அதிகம் கிடைப்பது இரண்டு ட்ரம் உள்ள மோவர். ட்ரம் ஒவ்வொன்றையும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் பெயரிங் போய்விட்டது. கீழ்த்தட்டு தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறதா, பெல்ற் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சுற்றிவர இருக்கும் துணித்திரை இல்லாத மோவரை எடுக்கவே வேண்டாம். கல்லுத் தெறித்து வந்தால் துவக்குச் சூடு மாதிரித்தான்.

கிளறவும் வரிசையாக்கவும் ஹேபொப் என்ற மெசின் போதும். பின்பக்கக் கேற்றுகளைத் திறந்தால் புல்லைப் பரப்பும், மூடினால் வரிசையாகச் சேர்க்கும். சின்னப் பண்ணைக்கு இதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியாது. கம்பிப் பற்கள் உடைந்திருந்தால் பரவாயில்லை, மாற்றலாம். கேற்றுகள் தொலைந்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இனிப் பேலர். நியூ ஹொலண்ட், மசி பெர்குசன், வெல்கர், ஜோன் டியர் எல்லாம் வரும். ஊரிலே மசி 35, 135 ஓட்டின அண்ணைமார் பெயரைப் பார்த்தே வாங்க நினைப்பார்கள். பேலரில் பெயரை விட நொட்டர் என்கிற முடிச்சுப் பகுதிதான் முக்கியம். மேலே பெயின்ற் புதுசாக இருக்கும், உள்ளே கயிறு பிடிக்கும் கொக்கி தேய்ந்து தடம் விழுந்திருக்கும். விற்பவரின் கொட்டகையில் போன வருசக் கட்டுகள் இருந்தால் அவற்றைப் பாருங்கள். இரண்டு கயிறும் ஒரே இறுக்கமாக, முடிச்சு ஒரே மாதிரி இருக்கிறதா? ஒரு பக்கம் வளைந்து வாழைப்பழம் மாதிரிக் கட்டுகள் இருந்தால் காரணம் கேளுங்கள். அவரிடம் கட்டே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

பிறகு எஞ்சினை நிறுத்தி, ட்ரக்டரிலிருந்து கழற்றிவிட்டு, ஃப்ளைவீல் என்கிற பாரச்சில்லை ஓடும் திசையில் கையால் சுற்றச் சொல்லுங்கள். ஊசிகள் மேலே எழும்பி முடிச்சுப் போடுவதை மெதுவாகப் பார்க்கலாம். அந்த நேரம் ஒருவரும் உள்ளே கைவைக்கக் கூடாது, கையால் சுற்றினாலும் அது வெட்டும். சில்லில் இருக்கும் சியர் போல்ற்றையும் பாருங்கள். அளவுக்கு மீறிய பாரம் வந்தால் தானே உடைந்து மெசினைக் காப்பாற்றும் போல்ற் அது. அந்த இடத்தில் ஏதோ தடித்த இரும்பைச் செருகியிருந்தால் அந்த மெசின் எப்படிப் பாவிக்கப்பட்டது என்று விளங்கிவிடும். எல்லாம் சரியென்றாலும் ஒரு பத்துக் கட்டாவது வயலில் கட்டிக் காட்டாமல் காசைக் கொடுக்க வேண்டாம். மாரியில் மலிவாக வருகுது என்பார்கள். மாரியில் ஓட்டிக் காட்ட முடியாது என்பதும் அந்த மலிவுக்கு ஒரு காரணம்.

ட்ரக்டரையும் பேலரையும் இணைக்கும் பி.ரி.ஓ. தண்டு பற்றி அக்காமார் கட்டாயம் கேளுங்கள். அது நிமிடத்துக்கு 540 தரம் சுற்றும், அதாவது ஒரு செக்கனுக்கு ஒன்பது தரம். சால்வை நுனி அகப்பட்டால் கத்தவும் நேரமிராது. பிளாஸ்ரிக் உறையும் அதன் சங்கிலியும் முழுதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டுவதற்கு முன் புதிது வாங்கிப் போடுங்கள், அது பெரிய செலவில்லை. பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையை ட்ரக்டரில் ஏற்றுவதை 1998ஆம் ஆண்டுச் சட்டவிதி தடுக்கிறது. "ஊரில் மடியில் வைத்து ஓட்டினோம்" என்று இங்கே சொல்ல முடியாது.

இப்போது என் மேசைக்கு வரும் விசயம். ஒரு குடும்பம் புதுசு மாதிரியான பேலரைக் காசாகக் கொடுத்து வாங்கியது. மூன்றாம் மாதம் கடன் கொடுத்த நிறுவனம் வந்து தன்னுடையது என்றது. விற்றவர் தவணைக் கடனை முடிக்கவில்லை. கார் என்றால், அறியாமல் வாங்கின தனியாளுக்கு 1964ஆம் ஆண்டுத் தவணைமுறைக் கொள்வனவுச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. பேலர் மோட்டார் வாகனம் இல்லை. ஆகவே அந்தப் பாதுகாப்பும் இல்லை. நாற்பது வருசப் பழசுக்குக் கடன் இருப்பது அரிது. ஆனால் களவு போனதாக இருக்கலாம். தொடர் இலக்கத் தகடு உரிக்கப்பட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். தகடு இருந்தால் இலக்கத்தை எழுதிவந்து, கடன் பாக்கி சோதிக்கும் சேவையில் கட்டணம் கட்டிப் பாருங்கள். விற்பவரின் பெயர், விலாசம், இலக்கம், திகதி எல்லாம் போட்ட பற்றுச்சீட்டு வேண்டும். காசை வங்கி மூலம் அனுப்புங்கள்.

ஏலத்தில் "பார்த்தபடி விற்கப்பட்டது" என்று எழுதியிருந்தால், பிறகு முறைப்பாடு செய்வது மிகக் கடினம். இன்னொன்று, அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்கள் சுயதொழில் செய்ய முடியாது. உங்கள் பெயரில் பண்ணை தொடங்க முன் என்னிடம் வாருங்கள்.

கட்டி முடித்த புல் ஈரமாக இருந்தால் மெசின் நல்லதாக இருந்தும் பயனில்லை. 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் கட்டுகள் உள்ளே சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், சில வேளை தானாகவே தீப்பிடிக்கும். அந்தப் பூஞ்சணத் தூசு நெஞ்சுக்கும் கூடாது. அடுக்கின பிறகு இரண்டு, மூன்று கிழமைக்கு, நாளுக்கொரு தரம் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சுட்டால் போருக்கு மேலே ஏறாமல், உடனே 999க்கு எடுங்கள்.

கேள்வி இருந்தால் தேநீர் நேரத்தில் கேளுங்கள். விளம்பரத் துண்டு, மெசினின் படம், இலக்கம் எது கையில் இருந்தாலும் கொண்டுவாருங்கோ, இருந்து பார்ப்போம்.