தெருத் தொண்டு யாருடைய வேலை?

(ஒரு தெரு வாலிபர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)



இச்சங்கத்தின் ஆண்டறிக்கையைச் செயலாளர் வாசித்தபோது கவனமாய்க் கேட்டுக் கொண்டிருந்தேன். வெயில் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்தது, திருவிழாவில் அன்னதானம் செய்தது, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தது, இரத்ததானம் செய்தது எல்லாம் அதில் இருக்கின்றன. சந்தோஷம். உங்களைப் புகழ்ந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மாலையை வாங்கிக் கொண்டு போவதானால் எனக்கும் சிரமமில்லை, உங்களுக்கும் மனவருத்தமில்லை. ஆனால் அதற்காக ஒருவன் இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை. ஆகையால் அறிக்கையில் இல்லாத ஒன்றைப் பற்றியே பேசப் போகிறேன். என் பேச்சில் தப்பு இருந்தால் முடிந்தபின் எழுந்து கேளுங்கள். பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன்.

அன்னதானத்தன்று ஆயிரம் இலை விழுந்ததாக அறிக்கை சொல்லுகிறது. அந்த ஆயிரம் எச்சில் இலையையும் எடுத்தவர் யார்? அது அறிக்கையில் இல்லை. பக்கத்திலிருந்த நண்பரைக் கேட்டேன். "அதற்கு ஆள் இருக்கிறார்கள்" என்றார். அந்த "ஆள்" எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று கேட்டேன். நண்பர் பேசாமல் இருந்துவிட்டார். தோழர்களே! அவர் பேசாமல் இருந்துவிட்ட இடத்தில்தான் நம்முடைய வேலை ஆரம்பமாகிறது.

தானமும் தொண்டும்

தானம் வேறு, தொண்டு வேறு. தானம் கொடுக்கிறவன் தன் பெயருக்குப் புண்ணியக் கணக்கு எழுதிக் கொள்ளுகிறான். அக்கணக்கு வளர வேண்டுமானால் கை நீட்டுகிறவன் என்றைக்கும் இருந்தாக வேண்டும். பசித்தவன் இல்லாவிட்டால் அன்னதானக்காரனுக்கு மோட்சமில்லை! தொண்டோ அப்படியல்ல. எந்தக் குறைக்காகத் தொண்டு செய்கிறோமோ அந்தக் குறையே இல்லாமற் போவதுதான் தொண்டுக்கு வெற்றி.

பெரியம்மையை எடுத்துக் கொள்ளுங்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம், தீ மிதித்தோம், வேப்பிலை கட்டினோம்; தலைமுறை தலைமுறையாகச் செய்தோம். அம்மை போகவில்லை. பிறகு அம்மை குத்துகிறவர்கள் வந்தார்கள். தெருத்தெருவாய், வீடு வீடாய்ப் போய் யாருக்கு நோய் கண்டிருக்கிறது என்று விசாரித்தார்கள். நோயாளியைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980இல் உலகத்திலேயே இல்லையென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கூழ் ஊற்றியவருக்குப் புண்ணியம் கிடைத்ததா என்பது எனக்குத் தெரியாது. வீடு வீடாய் ஏறி இறங்கியவர்களால் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

தெரு யாருக்குச் சொந்தம்?

தெருவுக்குத் தொண்டு செய்கிறோம் என்கிறோமே, தெரு என்பது எது? 1924இலும் 1925இலும் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோவிலுக்குள் நுழைவதற்காக நடந்ததல்ல. கோவிலைச் சுற்றியிருந்த தெருவில் மனிதன் நடப்பதற்காக நடந்தது. நாயும் பன்றியும் போகலாம், ஈழவரும் புலையரும் போகக் கூடாது என்றார்கள். அதற்காகப் பெரியார் திருவாங்கூர்ச் சிறையில் இரண்டு தடவை அடைக்கப்பட்டார். அது பழங்கதை என்று சொல்லாதீர்கள். மதுரை ஜில்லா உத்தப்புரத்தில் ஒரு பக்கத்து மக்கள் இன்னொரு பக்கத்துக்கு வராதபடி கட்டிய சுவரில் ஒரு பகுதியை இடிப்பதற்கு 2008ஆம் வருஷம் வரவேண்டியிருந்தது. புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது 2022 டிசம்பரில்.

ஆகவே நம் தெரு எது வரையில் என்று முதலில் தீர்மானித்துக் கொள்ளுங்கள். மேட்டுத் தெருவின் சாக்கடையெல்லாம் வழிந்து பின்னாலிருக்கும் காலனியில் போய்த் தேங்குகிறது. நம் சாக்கடை அங்கே போகலாம், நம் சங்கம் மட்டும் அங்கே போகாது என்றால், அது தெருச் சங்கமல்ல, ஜாதிச் சங்கம்.

பழைய பெருமை

"நம் முன்னோர்கள் ஊர் கூடி ஏரி வெட்டினார்கள், குடிமராமத்து செய்தார்கள், அந்த ஒற்றுமை போய்விட்டது" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஊர் கூடி ஏரியைப் பராமரிப்பது நல்ல காரியம்தான். ஆனால் மண் சுமந்தவன் யார், கரைமேல் குடை பிடித்து நின்றவன் யார், ஏரி நிறைந்தபின் அந்தத் தண்ணீர் யார் நிலத்துக்குப் பாய்ந்தது என்றும் கேட்க வேண்டாமா? வெள்ளைக்கார சர்க்கார் 1858இல் சென்னை ராஜதானிக்குக் கட்டாய வேலைச் சட்டமே செய்தது. கரை உடையும் ஆபத்துக் காலத்தில் வராதவனைத் தண்டிக்கலாம் என்றது. நிலமில்லாதவன் தலையில் விழுந்த வெட்டி வேலைக்கு ஒற்றுமை என்று பெயர் வைப்பது, சுமை சுமந்த மாட்டைப் பார்த்து நீயும் வியாபாரியில் பங்காளி என்று சொல்லுவதற்குச் சமம்.

நம் காலத்திலும் பாருங்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. வாலிபர்கள் உணவுப் பொட்டலம் கொண்டுபோனார்கள். மீனவர்கள் படகு கொண்டுவந்து மக்களை ஏற்றினார்கள். ஜாதி மதம் பாராமல் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கினார்கள். நல்ல காட்சிதான். தண்ணீர் வடிந்தபின் மலைமலையாய்க் குவிந்த குப்பையை அள்ளுவதற்கு மட்டும் வெளி ஜில்லாக்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். பொட்டலம் கொடுத்த கை துடைப்பத்தை ஏன் தொடவில்லை? துடைப்பத்தில் கனமில்லை, தோழர்களே! துடைப்பத்தின்மேல் ஏற்றிவைத்த ஜாதியில்தான் கனமிருக்கிறது.

ஈரோட்டில் பிளேக் வந்தபோது ஊரார் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினார்கள். அப்போது பெரும் வியாபாரியாயிருந்த பெரியார் ஊரிலேயே தங்கி, தூக்க ஆளில்லாத பிணங்களைத் தம் தோளில் சுமந்து போய் அடக்கம் செய்தார். அதற்கும் ஆட்கள் இருந்திருப்பார்கள். அவர் ஆளைத் தேடவில்லை, தோளைக் கொடுத்தார்.

"இது முனிசிபாலிட்டி வேலையல்லவா?"

நியாயமான கேள்வி. வரி கொடுக்கிறோம், குப்பை எடுப்பதும் சாக்கடை கட்டுவதும் அவர்கள் கடமை. அதை நாம் இலவசமாய்ச் செய்துவிட்டால் கூலிக்காரன் கூலி போகும், அதிகாரி இன்னும் சுகமாய்த் தூங்குவான். ஆகையால் முனிசிபாலிட்டியின் வேலையைப் பிடுங்கிக் கொள்ளுவதல்ல நம் தொண்டு. நம் வீட்டில் உண்டாகும் அசுத்தத்துக்கு நாம் பொறுப்பாளியாவதும், அவர்கள் வேலையை அவர்களைச் செய்ய வைப்பதுமே தொண்டு. என் அபிப்பிராயத்தில் நான்கு காரியங்கள் உடனே செய்யத்தக்கவை.

முதலாவது, வாரத்தில் ஒரு நாள், வீட்டுக்கொரு ஆள் முறை வைத்து, காலனி உட்பட எல்லாத் தெருவிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டிக் கவிழ்க்க வேண்டும். டெங்குக் கொசு சாக்கடையைவிட நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் வளருகிறது. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகிறது. ஆகவே வாரம் தவறாமல் கவிழ்த்தால் கொசுவுக்குப் பிறப்பே இல்லை. மேட்டுத் தெருக்காரர் காலனிக்கும், காலனிக்காரர் மேட்டுத் தெருவுக்கும் மாறி மாறிப் போக வேண்டும். ஒருவர் வீட்டு முற்றத்தில் ஒருவர் கால் வைப்பதே பாதிச் சீர்திருத்தம்.

இரண்டாவது, மலக்குழிக்குள் மனிதனை இறக்குவதில்லை என்று ஒவ்வொரு வீட்டாரும் கையெழுத்துப் போட வேண்டும். 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி, தக்க பாதுகாப்பில்லாமல் மலக்குழியிலும் சாக்கடையிலும் ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறையும் இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. அப்படிச் செத்தவன் குடும்பத்துக்கு முப்பது லட்ச ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2023இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உயிர் போனபின் லட்சம் எதற்கு? இயந்திர லாரிக்கு ஆகும் செலவை ஏழை வீட்டுக்குச் சங்கம் கொடுக்கட்டும். அன்னதானப் பணத்தில் பாதி இதற்குப் போதும்.

மூன்றாவது, சபைகளை விடாதீர்கள். கிராமங்களில் 2022 முதல் வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூட ஏற்பாடாயிற்று. நகரங்களில் அதே வருஷம் பகுதி சபைகள் ஆரம்பமாயின. தேர்த்திருவிழாவுக்கு ஒரு மாதம் வேலை செய்கிறவர்கள், சாக்கடைக் கணக்குக் கேட்க அரை நாள் போக மாட்டோம் என்பது யோக்கியதையா?

நான்காவது, பெண்கள். இந்த மேடையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு பெண்கூட இல்லை. விடிந்ததும் எல்லா வாசலையும் கூட்டுகிறவர் யார்? குழாயடியில் நிற்கிறவர் யார்? தெருவின் குறை முழுதும் அவர்களுக்குத் தெரியும். தெருச் சங்கத்தின் கணக்கு மட்டும் அவர்களுக்குத் தெரியக் கூடாதா? அடுத்த நிர்வாகத்தில் பாதிப் பேர் பெண்களாகவும், காலனித் தோழர்கள் அவர்கள் தொகைக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஆண்களும் ஒரு நாளாவது வாசல் கூட்டிப் பார்க்கட்டும்.

தோழர்களே! இவற்றைச் செய்தால் சில பேர் சங்கத்தை விட்டுப் போவார்கள். நன்கொடை குறையும். "துடைப்பக்காரச் சங்கம்" என்று பரிகாசம் செய்வார்கள். செய்யட்டும். அந்தப் பெயரை அவமானமென்று நீங்கள் நினைக்கிறவரையில், தினமும் துடைப்பம் பிடிக்கிறவரை அவமானப்படுத்திக் கொண்டே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதைப் பெருமையாய் ஏற்றுக் கொள்ளுகிற அன்றைக்குத்தான் உங்கள் சங்கம் சுயமரியாதைச் சங்கமாகும்.

இக்கூட்டம் முடிந்ததும் டீ கொடுப்பதாகச் சொன்னார்கள். குடித்த டம்ளரை அவரவரே எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, நாற்காலிகளை நாமே அடுக்கி, இந்த இடத்தை நாமே கூட்டிவிட்டுப் போவோம். முதல் துடைப்பத்தை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.