முடக்குவாத மருந்தின் விலையும் மதிப்பும்

(பெங்களூருவில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



பீன்யாவிலும் மைசூரு சாலையிலும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். முடக்குவாதமும் ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. பெரும்பாலும் கைவிரல் மூட்டுகளில்தான் அது தொடங்குகிறது. காலையில் விரல் மடங்க மறுத்தால் டார்கெட் எட்டாது, வேலை நிலைக்காது. ஆகவே இந்நோய்க்கான மருந்தின் மதிப்பை மருந்துக்கடை ரசீதைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது.

விலை மிகுந்த ஊசியே உயர்ந்த சிகிச்சை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மை வேறு. வாரத்திற்கு ஒரு நாள் மட்டும் உட்கொள்ளும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையே இன்றும் முதல் மருந்து (தவறுதலாகத் தினமும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து). அது காப்புரிமை கடந்தது, மலிவானது. அது மட்டும் போதாத 353 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2013இல் வெளிவந்தது. கூடுதலாகச் சல்பாசலாசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்னும் இரு பழைய மாத்திரைகளைப் பெற்றவர்களின் பலன், எட்டனர்செப்ட் ஊசி பெற்றவர்களின் பலனுக்குக் குறைந்ததாக இல்லை.

மாத்திரை மலிவு, அதைச் சுற்றியுள்ளவை மலிவல்ல. அவ்வப்போது இரத்தப் பரிசோதனை, கல்லீரல் பரிசோதனை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி இழப்பு. இதற்கு அஞ்சி வலி மாத்திரையோடு மாதங்களைக் கடத்துவோர் ஏராளம். அரிக்கப்பட்ட மூட்டை எந்த மருந்தும் மீட்டுத் தராது.

பழைய மாத்திரைகளுக்கு அடங்காத நோயும் உண்டு. அவர்களுக்கு ஊசி ஆடம்பரம் அல்ல. ஆனால் அதன் விலை எங்கிருந்து வருகிறது? 2002 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அடாலிமுமாப் மருந்தைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளால் வேலி எழுப்பப்பட்டது. அங்கே போட்டி மருந்து கடைக்கு வந்தது 2023 ஜனவரியில்தான். இந்தியாவிலோ 2014 டிசம்பரிலேயே ஜைடஸ் நிறுவனம் அதை அமெரிக்க விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு விற்கத் தொடங்கியது. மீதி நான்கு பங்கில் பெரும்பகுதி ஏகபோகத்தின் கப்பம் அன்றி வேறென்ன?

அந்த ஐந்தில் ஒரு பங்கும்கூட ஓர் ஊசிக்கு ஏறத்தாழ 200 டாலர். மாதத்திற்கு இரண்டு ஊசிகள். அன்றைய தையல் தொழிலாளியின் மாத ஊதியம் ஓர் ஊசிக்கே போதாது.

எனவே சங்கங்கள் ஈஎஸ்ஐ நிர்வாகத்திடம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை: மூன்று மாத்திரைகளும் மருந்தகங்களில் தடையின்றிக் கிடைக்க வேண்டும், ஷிப்ட் முடிந்த பின்னும் இரத்தப் பரிசோதனைக்கு வழி வேண்டும், மாத்திரை பலிக்காதவர்களுக்கு ஊசி, கைக்காசு கேட்காமல்.