பலகை அடிக்கிறதுக்கு முன்னாடி தரையைப் பாருங்க

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது நம்மிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது. சரக்கு வைக்கிற அறையில் ஓதம் ஏறுது, மேலே மரப்பலகை அடிச்சிட்டா போதுமா? போதாது. அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

சத்திரப்பட்டி பக்கம் நெய்கிற பேண்டேஜ் துணியை எடுத்துக்கோங்க. ஈரத்தை உறிஞ்சத்தான் அந்தத் துணியே. தரையில் வைத்த பண்டலில் பூசணம் பிடிச்சா வாங்குறவங்க திருப்பி அனுப்பிடுவாங்க. கடன் தவணை மட்டும் தேதி தவறாம வந்து நிக்கும்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பழைய வாடகை அறைகள் சிலவற்றுக்குள் போக ஒரு படி கீழே இறங்கணும். ரோட்டு மேலேயே ரோடு போட்டதால வந்த வினை. பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-ல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே பள்ளமாகிவிட்ட தரை அதனால உயராதே!

சிமெண்ட் தரை கல்லு மாதிரி தெரிஞ்சாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி மண்ணின் ஈரத்தை அது மேலே இழுக்கும். அதன்மேல் நேரா பலகை அடிச்சா, அடிப்பக்கம் ஈரம் குடிச்சு ஊதும், பலகை வளையும், கரையானும் வரும்.

அதனால முதல்ல சோதனை பண்ணுங்க. தரையைத் துடைச்சுக் காயவிட்டு, 2 அடிக்கு 2 அடி கண்ணாடி பாலிதீன் ஷீட்டை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்க. ஷீட்டுக்கு அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் மண்ணிலிருந்து வருது. மேல்பக்கம் மட்டும் நனைஞ்சிருந்தா அது காத்து ஈரம், ஜன்னலைக் கவனிங்க. கோடையில் சோதிச்சு ஏமாறாதீங்க, ஐப்பசி கார்த்திகையில் பாருங்க.

ஈரம் இருந்தா கனமான பாலிதீன் ஷீட்டைத் தரை முழுக்க விரிக்கணும். ஒரு ஷீட் மேல அடுத்தது அரை அடியாவது ஏறணும், சேர்ப்பில் டேப் ஒட்டணும், சுவர் ஓரம் கொஞ்சம் மேலே மடக்கிவிடணும். அதுக்கு மேல ரீப்பர் கட்டை, அதுக்கு மேல பலகை. ஷீட்டைத் துளைச்சு ஆணி அடிக்க ஆசாரியை விடாதீங்க. செலவெல்லாம் அந்த ஓட்டையிலேயே போயிடும். மரம் உப்புறதுக்குச் சுவரோரம் அரை அங்குலம் இடம் விடுங்க.

நம்ம அபிப்ராயம் கேட்டா, வாடகை அறைக்கு நிரந்தரத் தளமே வேண்டாம். அரிசி குடோனில் மூட்டைக்கு அடியில் மரச்சட்டம் போடுறாங்களே, அது மாதிரி தூக்கி நகர்த்துற சட்டம் செய்யுங்க. அடியில் காத்து போகும், கரையான் வந்தாலும் தெரியும், அறை மாறினா கூடவே வரும். பண்டலைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைங்க.

மழைக்குத் தெருத்தண்ணி உள்ளே வருகிற அறைன்னா ஷீட்டும் சட்டமும் காப்பாத்தாது. வாசப்படியை உயர்த்தித் தர வீட்டுக்காரர்கிட்ட முதல்ல பேசுங்க. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.