கரைப்பதா? இணைப்பதா?



குடியேறி வந்தோரைத் தம் மக்களோடு ஒருங்கிணைப்பதாக இன்று அரசுகள் பலவும் கூறுகின்றன. அச்சொல்லுக்கு அவை கொள்ளும் பொருள் யாது என்பதே நாம் ஆராயத்தக்கது. இதற்கு ஆத்திரேலிய நாட்டின் வரலாறொன்றே சாலும்.

1901-இல் கூட்டரசாக ஒன்றுபட்ட அந்நாடு, அவ்வாண்டே குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. வெள்ளையரல்லாதாரை விலக்குவதே அதன் நோக்கம். எனினும் நிறத்தை எழுதாது மொழியைக் கருவியாக்கினர். ஐரோப்பிய மொழி ஒன்றில் அலுவலர் படிக்கும் 50 சொற்களை வந்தவர் எழுதிக் காட்டல் வேண்டும். எம்மொழி என்பது அலுவலரின் விருப்பம். 1934-இல் எகோன் கிசு என்னும் பன்மொழியறிந்த எழுத்தாளரை விலக்கக் கருதி, இசுகாத்துலாந்தின் கேலிக் மொழியில் எழுதச் சொன்னார்கள்! சட்டம் கருதிய ஐரோப்பிய மொழி அஃதன்று என உயர்முறைமன்றம் தீர்த்தது. ஆயினும் அத்தேர்வு 1958-இல்தான் ஒழிந்தது.

உலகப்போரின் பின், ஆட்பெருக்கம் வேண்டி இத்தாலியர், கிரேக்கர் முதலியோரை அவ்வரசே வரவழைத்தது. அவர்க்குப் 'புதிய ஆத்திரேலியர்' என்று பெயரிட்டு, ஆங்கிலம் பேசி ஆங்கில வாழ்வில் கரைந்துபோக வேண்டுமென எதிர்பார்த்தது. 1964-இல் குடியேற்றத் துறையின் 'கரைப்புப் பிரிவு', 'ஒருங்கிணைப்புப் பிரிவு' எனப் பெயர் மாறியது. பெயர் மாறிய அளவுக்கு நடைமுறை மாறிவிடவில்லை.

உண்மையான மாற்றம் பின்னரே வந்தது. 1973-இல் தொலைபேசி வழி மொழிபெயர்ப்புப் பணியும், 1975-இல் சிட்னியிலும் மெல்பேர்னிலும் பன்மொழி வானொலியும் தொடங்கின. வந்தோர் தம் பண்பாட்டைப் பேணுதற்கு உரிமையுடையோர் என்னும் கால்பாலி அறிக்கையை 1978-இல் அரசு ஏற்றது. இன்று அந்நாட்டு அரசின் ஒலிபரப்பில் தமிழும் ஒலிக்கின்றது.

எனினும் 2007-இல் துறையின் பெயரிலிருந்து 'பல்பண்பாடு' என்னுஞ் சொல் நீக்கப்பட்டது. குடியுரிமைக்கு ஆங்கிலத்தில் தேர்வும் வந்தது. அரசு தந்த வரையறையை அரசே சுருக்கவும் வல்லது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

வந்தவர் அந்நிலத்து மொழியைக் கற்றல் கடமை, அதனை மறுப்பாரில்லை. கற்பித்தற்கு வழிசெய்தல் அரசின் கடமை. ஆனால், ஒரு மொழியைக் கற்பதற்கு விலையாகத் தாய்மொழியைக் கேட்பது இணைப்பன்று, கரைப்பே. ஆகலின், எந்த அரசின் கொள்கையையும் துறையின் பெயர்கொண்டு அளவாதீர். குடியேறியவரின் பேரக்குழந்தை எம்மொழியில் பாட்டியோடு பேசுகின்றது என்பதைக் கொண்டு அளந்தறிமின்!

அரசு பேணாவிடத்தும் வீடு பேணலாம். வீடு கைவிட்ட மொழியை எச்சட்டமும் மீட்டுத் தாராது. அயல்நாடுகளில் வாழும் தமிழ்ப் பெற்றோர் இதனை நெஞ்சில் நிறுத்துவாராக! வெல்க தமிழ்!